எல்லாக் கொரலும் வரும், ஒண்ணத் தவிர

இல்லக்கா, அங்கிட்டு இல்ல, நேராவே போங்க. அந்தப் பெட்டிக்கடைக்காரரு வழி கேக்குற எல்லாரையும் தஞ்சாவூர் ரோட்டுலதான் ஏத்தி விடுவாரு. அதுல அவருக்கு ஒரு சந்தோசம். நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க. ஒங்க ஆஸ்பத்திரி வேன் பின்னாடி வருது, புழுதிக்குள்ள வெள்ளையாத் தெரியுது. டிரைவர் ஆட்டுக்கெல்லாம் நின்னு வழி விட்டு வாராரு. நம்ம போயிச் சேர்ந்து பத்து நிமிசம் கழிச்சுத்தான் டாக்டரம்மா வருவாங்க.

நான் பேசுறது கேக்குதா? ஹெல்மெட்டு போட்டிருக்கீங்கல்ல, அதான் காதுகிட்ட வாரேன்.

ஆனா நீங்க சரியான ஆளத்தான் பிடிச்சிருக்கீங்க. ஸ்கூலுக்கு வந்து, செவந்தி வீட்டுக்கு வழி காட்ட ஒரு பிள்ளைய அனுப்புங்கன்னு கேட்டீங்கள்ல, ஹெச்செம் யோசிக்கவே இல்ல பாத்தீங்களா, ஒடனே இலக்கியான்னுட்டாரு. செவந்தி எனக்குச் சின்னம்மா, அம்மாவோட தங்கச்சி, அது ஒரு காரணம். இன்னொண்ணு, ஒரு மணி நேரமாச்சும் ஸ்கூல் அமைதியா இருக்கட்டும்னுதான். கேளுங்க, அவரு இப்படித்தான் பேசுவாரு. ஏய்ய்... அந்தக் கடைசி பெஞ்சு... எந்திரி. சத்தம் போட்டது நீயா? இல்ல சார். அப்ப யாரு? நீங்கதான் சார்.

போன வருசம் செவுத்துக்குப் பின்னாடி நின்னு அவரு கொரல்லயே, இன்னைக்கு அர நாள் லீவு, பையெடுத்துக்கிட்டுக் கெளம்புங்கன்னு சொன்னேன். ரெண்டு கிளாஸ் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிருச்சு. கணக்கு சாரும் போயிட்டாரு.

சிரிக்கிறீங்க, தோளு குலுங்குது. வண்டியப் பாத்து ஓட்டுங்க.

இது பஸ் கண்டக்டரு. கந்தர்வக்கோட்டை எறங்கு, எறங்கு, எறங்கு, ஆத்தா அந்தக் கூடைய மடியில வையி, அது என்ன ஒன் மாமியாரா, சீட்டுல உக்கார வச்சிருக்க. இது ஒங்க முகாமுக்கு ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு வருவாருல்ல, அவரு. அன்பார்ந்த பொதுமக்களே, கண்ணில் புரை உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள், வரும் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு. இது நீங்க. ஆமா, ஒங்களயும் எடுத்துட்டேன், ஹெச்செம் ரூம்ல பேசுனீங்கள்ல, அதுவே போதும். நான் சுகுணா, கவுன்சிலர், ஒண்ணும் பயப்பட வேண்டாம் சார், எறும்பு கடிச்ச மாதிரி ஒரு ஊசி, பத்து நிமிசத்துல ஆபரேசன்.

கிரேஸ் டாக்டரம்மாவா? அது வராதுக்கா. நெசமாத்தான். எல்லாக் கொரலும் வரும், அது மட்டும் வராது. முந்திரித்தோப்பு தாண்டுனதும் எடது பக்கம் ஒரு மண்ணு ரோடு வரும், அதுல திருப்பணும்.

அவங்கள எனக்கு ஏற்கனவே தெரியும். நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, போன ஆடியில, ஸ்கூலுக்குக் கண்ணு பாக்க வந்தாங்க. ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு நாடாம், மேப்புல தேடிப் பிடிச்சோம். அவங்க நாட்டு ஆஸ்பத்திரியும் ஒங்க புதுக்கோட்டை ஆஸ்பத்திரியும் சேந்து வேலை செய்யிறதால இங்க வந்து ஆபரேசன் கத்துக்கிறாங்கன்னு ஹெச்செம் சொன்னாரு. எங்க கிளாஸ்ல ஒருத்தரும் நம்பல. வெளிநாட்டுலருந்து வந்து நம்மகிட்ட கத்துக்கிறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டோம். அவங்களே தமிழ்ல பதில் சொன்னாங்க. படிச்சு வச்சிருந்தாங்க, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைப்பாங்க, முட்டை அடுக்குற மாதிரி. எங்கள் நாட்டில் கண் டாக்டர் பத்தாது. இங்கே டாக்டர்கள் வேகம், சுத்தம். நான் கத்துக்கொண்டு போவேன். ஒவ்வொண்ணு சொல்லி முடிச்சதும் சரியா, சரியான்னு கேப்பாங்க. பெரியவங்கன்னா சரியா அம்மா. கொரலு அடி வயித்துலருந்து வரும், கனமா, வெதுவெதுன்னு.

இல்லக்கா, அது நான் பேசுனது. சொல்லிக் காட்டுனேன், அவ்வளவுதான். அவங்க மாதிரி பேசல.

ஊர்ல முகாம் போட்டப்ப சின்னம்மாவும் போச்சு. சின்னம்மாவத்தான் நீங்க பாத்ததில்லையே. ஆளு ஒல்லி, கொரலு மட்டும் கம்மாக்கரைக்கே கேக்கும். நூறு நாள் வேலையில மேட்டு அது, அட்டெண்டன்ஸ் எடுக்குறது, ஃபோட்டோ பிடிச்சு அனுப்புறது எல்லாம் அதான். எங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கு, அதனால நான் ஆறாப்புலருந்து சின்னம்மா வீட்டுலதான். அதுக்குப் பிள்ளை இல்ல. நாந்தான் பிள்ளைன்னு வச்சுக்கங்களேன், கொஞ்சம் மோசமான பிள்ளை.

முகாம்ல கிரேஸ் டாக்டரம்மாதான் அதுக்குக் கண்ணுல டார்ச்சு அடிச்சுப் பாத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் புரை, சோத்துக்கை பக்கத்துக் கண்ணுல நெறைய முத்திருச்சுன்னாங்க. வீட்டுக்கு வந்து சின்னம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? அந்தம்மா பேசுறதக் கேட்டுக்கிட்டே தூங்கிரலாம் போலருக்குடி, அப்படின்னுச்சு. எங்க ஊர்ல முப்பத்தெட்டு பேருக்கு ஆபரேசன்னு எழுதுனாங்க. பேர் லிஸ்ட்ட சின்னம்மாகிட்டத்தான் குடுத்தாங்க. புரட்டாசி மாசம் ஒரு வியாழக்கெழம பஸ்சு வரும், எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போயி ரெண்டு நாள்ல கொண்டாந்து விடுவோம்னாங்க. அது வீடு வீடாப் போயி, மாத்துச் சேலை எடுத்து வையி, சுகர் மாத்திரை எடுத்துக்கன்னு சொல்லிட்டு வந்துச்சு.

பஸ்சு வரதுக்கு மொத நாள் சின்னம்மாவுக்கு ஒரு போன் வந்துச்சு. இந்தக் கதை ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியும்ல. ஆமா, அந்தப் போன்தான்.

அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. ஸ்கூல்லருந்து சித்தன்னவாசல் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. பஸ்சுல நான் அடிச்ச கூத்துல ரெண்டு டீச்சருக்குத் தலைவலி. அந்த சமணர் குகையில உள்ள ஒரு சின்ன அறை இருக்கு, போயிருக்கீங்களா? அங்க நின்னு மூச்ச அடக்கி ம்ம்ம்னு சொன்னா, பாறையே திருப்பிச் சொல்லும். காது வழியா வராது, நெஞ்செலும்பு வழியா வரும். காட்டுறதுக்கு ஒருத்தர் இருப்பாரு. அவரு ஒருவாட்டி சொல்லிக் காட்டுனாரு, நான் அவரு கொரல்லயே ஒருவாட்டி சொன்னேன், அடுத்த நிமிசம் என்ன வெளிய போகச் சொல்லிட்டாரு.

போன்ல என்ன சொன்னாங்களா? சின்னம்மா இதுவரைக்கும் ஒரு நூறு பேருகிட்டச் சொல்லியிருக்கும், ஒரு எழுத்து மாறாது. வணக்கம் அம்மா, நான் டாக்டர். நாளைக்கு வாங்க. உங்கள் வலது கண் எடுப்போம். நல்ல கண். எங்கள் நாட்டில் கண் பத்தாது. சரியா, அம்மா. அவ்வளவுதான், போன் கட்டாயிருச்சு. சின்னம்மா திரும்பக் கூப்பிட்டுச்சு, அந்த நம்பரு அணைஞ்சு கெடந்துச்சு.

ஒடனே அது என்ன செஞ்சுச்சு, வேலைக்குன்னு ஒரு வாட்சப் குரூப் இருக்குல்ல, அதுல வாய்ஸ் மெசேஜ் போட்டுருச்சு. யாரும் போகாதீங்க, கண்ணத் தோண்டுறாங்க, எங்கிட்ட அவளே சொன்னா. மேட்டு சொன்னா எங்க ஊர்ல கலெக்டரு சொன்ன மாதிரி. நான் பொழுது சாய வீட்டுக்கு வாரேன், வாசல் நெறைய பொம்பளைங்க. ஒருத்தி சொல்றா, மணமேல்குடி பக்கம் இப்படித்தான் நடந்துச்சாம். இன்னொருத்தி சொல்றா, ஐஸ் பொட்டியில வச்சு பிளேன்ல அனுப்புறாங்களாம். எல்லாரும் சின்னம்மா கையப் பிடிச்சு, ஒன்னாலதான் பொழச்சோம்னு சொல்றாங்க. சின்னம்மா என்னப் பாத்ததும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. நான் பேச வாயத் தொறந்தேன். அது என் தலைய நெஞ்சோட அமுக்கிருச்சு.

காலையில ஆறு மணிக்கு பஸ்சு வந்துச்சு. ஏழு மணி வரைக்கும் ஹாரன் அடிச்சுச்சு. ஒரே ஒரு ஆளு ஏறுனாரு, சிவசாமி மாமா. அவருகிட்ட போன் கெடையாது, அதனால சேதி தெரியாது. மூணாம் நாளு கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு எறங்குனாரு, அவரு பொண்டாட்டி சொர்ணம் அத்தையப் பாத்து, அடியே, ஒனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுச்சுன்னு கேட்டாரு. அத்தை ஒரு வாரம் அவருக்கு ரசம்தான் ஊத்துச்சு. அப்பவாச்சும் ஊரு நம்புச்சா? இல்லையே. சிவசாமிக்கு நெசக்கண்ண எடுத்துட்டு வேற ஏதோ வச்சு அனுப்பிட்டாங்கன்னு பேசுனாங்க. அவரு கடுப்பாகி ரோட்டுல வர பஸ்சு நம்பரயெல்லாம் சத்தமாப் படிச்சுக்கிட்டே திரிஞ்சாரு.

இந்தா, முந்திரித்தோப்பு. இங்கிட்டுத் திருப்புங்க. மணலு, வழுக்கும், மெதுவா.

ஒங்க ஆஸ்பத்திரிலருந்து குணசேகரன் சாருன்னு ஒருத்தர் வந்து, பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு சத்தியம் பண்ணுனாரு. எங்காளுங்க யாரும் போன் பண்ணல, கிரேஸ் டாக்டர் அந்த நேரத்துல ஆபரேசன் தியேட்டர்ல இருந்தாங்கன்னு. சின்னம்மா ஒரே கேள்விதான் கேட்டுச்சு. அப்பப் பேசுனது யாரு? அவரு குடிக்கத் தண்ணி கேட்டாரு. கொண்டாந்து குடுத்தது நாந்தான். சொம்பு கை தவறிருச்சு, அவரு சட்டையெல்லாம் தண்ணி.

பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன சின்னம்மாவுக்கு சோத்துக்கண்ணு செவந்துருச்சு. தலைவலி, வாந்தி. பித்தம்னு நெனச்சுச்சு. நந்தியாவட்டைப் பூவ வச்சுக் கட்டிக்கிட்டுப் படுத்துருச்சு. மூணு நாளு. நான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் போவோம்னு காலப் பிடிச்சேன், பொங்கலுக்கு அம்மா வந்துதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சு. புரை முத்தி, கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி, நரம்பு செத்துப் போச்சுன்னாங்க. வெளக்கு வெளிச்சம்கூடத் தெரியல. பஸ்சு வந்த அன்னைக்கே போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு அந்த டாக்டரு சொன்னாரு. எங்கிட்டத்தான் சொன்னாரு, மாத்திரை வாங்க நான் நின்னுக்கிட்டிருந்தேன்.

எடது கண்ணும் அதே மாதிரிப் போய்க்கிட்டிருக்கு, ரெண்டு மாசத்துக்குள்ள செஞ்சாகணும்னாங்க. அது பொங்கலு. இப்பப் பங்குனி பொறந்துருச்சு. சின்னம்மா மாட்டேங்குது.

ஏன்னா, அது கணக்கு வேற. போன்ல அவ என்ன சொன்னா, வலது கண்ண எடுப்போம்னா. எந்தக் கண்ணு போச்சு? வலது. நான் போகலைன்னாலும் வந்து எடுத்துட்டா பாத்தியா, அப்படிங்குது. வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கூப்பிட்டாலும், எங்க போனாலும் அவ வருவாங்குது. நல்லாப் பேசிக்கிட்டிருக்கும், திடீர்னு சோத்துத் தட்ட வச்சிட்டுக் கேக்கும், யாரோ சரியா அம்மான்னாங்களே, ஒனக்குக் கேக்கலையா?

எனக்கு எப்படிக்கா கேக்கும்.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், வெயில்னா வெயில், தெருவுல நாய்கூட இல்ல. வீட்டுல நானும் அதும் மட்டும் பாய் போட்டுப் படுத்திருக்கோம். நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா சின்னம்மா செவுத்தத் தடவிக்கிட்டு நிக்குது. பீரோவத் தடவுது, கதவுக்குப் பின்னாடி கைய விடுது. வேர்த்து ஊத்துது. யாருடி வந்ததுன்னு கேக்குது. யாரும் வரல சின்னம்மா. வந்தாடி, இந்த ரூமுக்குள்ள நின்னு பேசுனா, சரியா அம்மான்னு எங்காதுகிட்ட சொன்னா. டிவியா இருக்கும்னேன். கரண்டே இல்லையேடின்னுச்சு.

அன்னையிலருந்து நெலப்படியில வேப்பங்கொத்து. எலுமிச்சம்பழம், வத்தல். இந்தக் கொலுசும் அப்பப் போட்டு விட்டதுதான். நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியணும், நீ பக்கத்துல இருந்தா அவ வர மாட்டான்னு சொல்லுச்சு. ஸ்கூல்ல கழட்டச் சொன்னாங்க, நான் கழட்டல. சின்னம்மாவுக்குத் தெரு மொனையிலயே தெரிஞ்சிரும், இலக்கியா வந்துட்டா, சோத்தப் போடுன்னு அதுவா சொல்லிக்கிட்டு எந்திரிக்கும்.

மூணு வேளையும் எடது கண்ணுக்கு நாந்தான் சொட்டு மருந்து விடுறேன். மருந்து விட்டதும் அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிட்டு என் மடியில கெடக்கும். அப்பத்தான் கேக்கும். ஒனக்குத்தான் எல்லாக் கொரலும் வருமே, அவ கொரல ஒருவாட்டி பேசிக் காட்டுடி. அதே கொரலான்னு பாத்துக்கிறேன். நான் என்ன சொல்வேன்? ஒங்ககிட்ட சொன்னேன்ல, அதேதான். எனக்கு அந்தக் கொரல் வராது சின்னம்மா.

இப்ப நீங்க போன்ல பேசி, டாக்டரம்மா நேர்ல வாராங்க, அடுத்த மாசம் ஊருக்குப் போறதுக்குள்ள ஒருவாட்டி ஒங்கள வந்து பாக்கணும்ங்கிறாங்கன்னு சொன்னதும், சின்னம்மா வரச் சொல்லிருச்சு. நீங்க சந்தோசப்பட்டிருப்பீங்க. நேர்ல வந்து ரெண்டு வார்த்தை பேசுனா பயம் போயிரும்னு நெனைக்கிறீங்க. அது எதுக்கு வரச் சொல்லியிருக்கு தெரியுமா? கொரலக் கேக்க. அந்தக் கொரல் இல்லைன்னா ஒங்க பஸ்சுல மொத ஆளா ஏறுறேன், ஊரையும் ஏத்தி விடுறேன்னுச்சு. அந்தக் கொரலா இருந்தா சாகுற வரைக்கும் எடது கண்ண ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்னுச்சு. இன்னைக்குக் காலையில தலை குளிச்சு, கட்டில வாசல்ல இழுத்துப் போட்டு உக்காந்திருக்கு.

பிரச்சனை என்னன்னா, அதே கொரல்தான்க்கா. அச்சு அசலா அதேதான் இருக்கும். டாக்டரம்மா வாயத் தொறந்து வணக்கம் அம்மான்னு சொன்னா முடிஞ்சுச்சு.

வேப்பமரத்துகிட்ட மெதுவா, பள்ளம் இருக்கு. அந்தப் போன் நாந்தான் பண்ணுனேன். இங்கிட்டு, லெஃப்ட்டு.

நிறுத்தாதீங்க, ஓட்டுங்க. நிறுத்துனா என்னால சொல்ல முடியாது. திரும்பிப் பாக்காதீங்க.

குகைக்குள்ளருந்து பேசுனேன். என்ன வெளிய அனுப்புனாருல்ல அந்த ஆளு, அவரு அங்கிட்டுப் போனதும் திரும்ப உள்ள போயி. எங்கூடப் படிக்கிற தேவிப்ரியா போன்லருந்து. அதனாலதான் நம்பர் தெரியல. அப்புறம் சார்ஜ் தீந்து போன் அணைஞ்சு போச்சு, பயத்துல அவ சிம்மையும் மாத்திட்டா. அந்த அறையில பேசுனா கொரல் எப்படிக் கேக்கும்னு ஒரு ஆசை, வேற ஒண்ணும் இல்ல. நான் எத்தனையோவாட்டி சின்னம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கேன், பேங்க் மேனேஜர் மாதிரி, பிடிஓ மாதிரி. ரெண்டாவது வார்த்தையிலயே கண்டுபிடிச்சிரும். ஏய் இலக்கியா, வந்து பாத்திரத்த வெளக்குன்னு சொல்லி வச்சிரும். அதுக்காகத்தான் பண்ணுறது. அன்னைக்கும் அதத்தான் எதிர்பாத்தேன். இந்தா சொல்லிரும், இந்தா சொல்லிரும்னு. அது ஒண்ணுமே சொல்லல. மூச்சுச் சத்தம் மட்டும் வந்துச்சு. அந்தப் பாறைக்குள்ள என் கொரல் அதுக்குத் தெரியாமப் போயிருச்சு. பக்கத்துல தேவிப்ரியா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. இப்ப அவ எங்கூடப் பேசுறதில்ல.

வலதுன்னு ஏன் சொன்னேன்னு தெரியலக்கா. வாயில வந்துச்சு, சொன்னேன். ஒரு கண்ணுன்னு சொல்லியிருக்கலாம்ல. தெனமும் யோசிக்கிறேன்.

அந்த ஞாயித்துக்கெழமயும் நாந்தான். தூக்கத்துல. அது இப்ப நான் கூப்பிடாமலே வருது. கொட்டாவி விட்டா வருது, பரிட்சை எழுதுறப்ப உள்ளாற சரியா, சரியாங்குது. தூங்கப் பயமா இருக்கு. சின்னம்மா சொல்றது நெசந்தான், வீட்டுக்குள்ள அவ இருக்கா.

அந்தப் பம்புசெட்டுகிட்ட நிறுத்துங்க. இதுக்கு மேல வண்டி வேண்டாம், சத்தம் கேக்கும். ஹெல்மெட்டக் கழட்டாதீங்க, ஒங்க மூஞ்சியப் பாத்தா நான் போக மாட்டேன். வேன் வந்ததும் இங்கயே நிக்கச் சொல்லுங்க. டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசக் கூடாது, எறங்கக்கூடக் கூடாது. அவங்ககிட்ட அப்புறம் நானே சொல்றேன்.

நான் மட்டும் போறேன். கொலுசக் கழட்டல. நடந்துகிட்டே அந்தக் கொரல்ல பேசப் போறேன். கொலுசும் கொரலும் ஒரே ஆளுகிட்டருந்து வந்தா அதுக்குத் தெரிஞ்சிரும். வேற எப்படிச் சொன்னாலும், அதோட கண்ணக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுதான் நெனைக்கும்.

சின்னம்மா என்ன அடிச்சாலும் குறுக்க வராதீங்க. சொட்டு மருந்து மாடத்துல இருக்கு, நீல மூடி. ரெண்டு மணிக்கு விடணும். எங்கையால வேண்டாம்னு சொல்லுச்சுன்னா நீங்க மருந்து விடுங்க. பஸ்சு என்னைக்குன்னு மட்டும் அதுகிட்டச் சொல்லி, பேர எழுதிக்கங்க.

அந்தா பாருங்க, கட்டில்ல. தலையத் திருப்பிருச்சு. சிரிக்குது, கொலுசு கேட்டுருச்சு.

வணக்கம், அம்மா. நான் டாக்டர். உங்கள் இடது கண் பார்க்க வந்தேன். சரியா, அம்மா.